சுல்தானும் ரூபியும்

"ரெண்டு பேரையும் ஒண்ணா விடறது பேடவே பேட, வேணவே வேணாம் சார்," என்றார் டாக்டர் சேஷகிரி. "பெரியவன் சின்னவளை ஒரே வாயில முழுங்கிடுவான்."

கில்பர்ட் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு தலையாட்டினான். மேசைமேல் இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒன்றில் சுல்தான், உள்ளங்கை அகலத்துக்கு உப்பிய கொம்புத் தவளை. இன்னொன்றில் ரூபி, கட்டைவிரல் நீளமே இருந்த பச்சைத் தவளை. அதன் அடிவயிறு மட்டும் ரத்தச் சிவப்பு.

சுல்தானைத் தொட்டபோது கையைத் துணியில் துடைத்துக்கொண்ட டாக்டர், ரூபியைத் திருப்பிப் பார்த்ததும் எழுந்துபோய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார்.

"அது மட்டுமில்ல சார், இன்னொரு விஷயம்..." என்று அவர் திரும்பியபோது நாற்காலியும் மேசையும் காலியாக இருந்தன. கில்பர்ட் டப்பாக்களோடு வெளியே பெங்களூர் மல்லேஸ்வரம் போக்குவரத்தில் ஆட்டோவுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தான். கேட்க வந்ததைக் கேட்டாகிவிட்டது.

சுல்தான், கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவனோடு இருப்பவன். ரூபி, அவன் மனைவி குளோரியாவின் தோழி டீனா வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போனது.

அது வந்த நாளிலிருந்து குளோரியா ஸ்கூல் விட்டு வந்ததும் அதனிடம்தான் முதலில் பேசினாள். சாப்பாட்டுத் தட்டையும் அதன் தொட்டி முன்னாலேயே வைத்துக்கொண்டாள்.

"நானும் இந்த வீட்லதான் இருக்கேன், குளோ."

"உங்களுக்குத்தான் சுல்தான் இருக்கானே. அவன்கிட்ட பேசுங்க."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவனுக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை குளோரியா சர்ச்சுக்குக் கிளம்பிப் போனதும் அவன் ரூபியை எடுத்துச் சுல்தானின் தொட்டிக்குள் விட்டான். ரூபி ஒரு தாவு தாவியது. அடுத்த தாவலுக்கு அது இல்லை.

சுல்தான் கண்ணை மூடி மூடித் திறந்து விழுங்கியது. கில்பர்ட்டுக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. பிறகு கண்ணாடி முன் நின்று, சோகமாகச் சொல்லிப் பழகிக்கொண்டான்.

"தொட்டி கழுவலாம்னு ஒரு நிமிஷம்தான் மாத்தி விட்டேன், குளோ. அதுக்குள்ள..." மதியம் வீடு திரும்பியவளிடம் குரல் உடையச் சொன்னான்.

அவள் கத்தவில்லை, அழவில்லை. கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் டாக்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"டாக்டர், ரூபியைச் சுல்தான் முழுங்கிடுச்சு. வயித்தைக் கிழிச்சு எடுத்துடலாமா? உள்ள இன்னும் உயிரோட இருக்கலாம் இல்லையா?"

கில்பர்ட் பதறிப்போய்ப் போனைப் பிடுங்கினான்.

"அதெல்லாம் வேணாம் டாக்டர். சின்னது போனது போயிடுச்சு. அதுக்காக நல்லா இருக்கற என் சுல்தானைக் கிழிக்கறதா?"



"கிழிக்க வேணாம் சார்," என்றார் டாக்டர். "அந்தச் சின்னதோட தோல் பூரா விஷம். பெரியது மூச்சு விடுதா, பாருங்க."