வீட்டுக்கு ஒரு மிதப்பு

கோயில் மூப்பர் அடைக்கலநாதன் கூடைக்குள் கைவிட்டு வலையில் கட்டுகிற மிதப்புக் கட்டை ஒன்றை எடுத்து வேட்டி மடிக்குள் செருகியதை மார்கிரட் தன் கண்ணாலேயே கண்டுவிட்டாள்.

அவளுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. கழுத்தில் செபமாலை, மடியில் திருட்டு! வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

தொண்ணூறில் மண்டைதீவை விட்டு ஓடிவந்த சனம் ஒரு வருஷமாக அரியாலைப் பள்ளிக்கூடத்தில் கிடக்கிறது. ஒரு வகுப்பறைக்குள் ஆறு குடும்பம், இடையில் கட்டிய சேலைதான் சுவர். பங்குச் சுவாமி எங்கெல்லாமோ கையேந்தி ஐந்து வீடுகள் கட்டி முடித்திருந்தார். கேட்டு நிற்கிற குடும்பங்களோ நாற்பதுக்கு மேல்.

"கடலிலை பாடு பிரிக்கிற மாதிரியே செய்வம் சுவாமி," என்று யோசனை சொன்னவரும் இதே மூப்பர்தான்.

கரைவலை வளைக்க இன்றைக்கு யார் பாடு, யார் முறை என்று தெரிய வேண்டுமானால், அவரவர் குறி வெட்டிய வலை மிதப்பைக் கூடையில் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வள்ளத்தையும் வலையையும் விட்டு ஓடிவந்த சனம், குறி வெட்டிய மிதப்பை மட்டும் விட்டு வரவில்லை.

சுவாமி பூசை முடிவிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"வீட்டுக்கு ஒரு மிதப்பு. ஆராவது கள்ள வேலை செய்தால் அவையின்ரை மிதப்பை வெளியிலை எடுத்துப் போடுவன். பேந்து என்னட்டை வந்து அழக்கூடாது."

மார்கிரட்டின் மகள் யசிந்தாவுக்கு இது எட்டாம் மாதம், தலைப்பிள்ளை. "இந்தச் சேலைக்குப் பின்னாலையோ அம்மா நான் பிள்ளை பெறப்போறன்?" என்று அவள் கேட்ட நாளிலிருந்து மார்கிரட்டுக்கு நித்திரை இல்லை. கைக்குதவியாக நின்ற தம்பி பேதுருவும் போன மாதம் தன் சாமான்களை அவளிடம் போட்டுவிட்டு, வள்ளமேறி இந்தியாவுக்குப் போய்விட்டான்.

இப்படி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிறவள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாளா?

முற்றத்தில் சனம் கூடியது. சுவாமி கண்ணை மூடிக்கொண்டு கூடைக்குள் கையை விடப் போனார்.

"நில்லுங்கோ சுவாமி! முதலிலை மூப்பரின்ரை மடியைப் பாருங்கோ. கூடைக்குள்ளை இருந்து ஒரு மிதப்பை எடுத்து ஒளிச்சு வைச்சிருக்கிறார். என்ரை கண்ணாலை கண்டனான்!"

சுவாமி நீட்டிய கையை எடுத்துக்கொண்டு மூப்பர் பக்கம் திரும்பினார்.

"மூப்பர், எடுத்தனீங்களோ?"

அவர் மார்கிரட்டை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். "ஓம் சுவாமி. எடுத்தனான்."

"ஆரின்ரை மிதப்பு? காட்டுங்கோ."

"காட்டமாட்டன் சுவாமி. மன்னியுங்கோ."

"என்ரையாய்த்தான் இருக்கும்!" மார்கிரட் கத்தினாள். "என்ரை பிள்ளையின்ரை வயித்திலை அடிச்சுத்தான் உவருக்கு வீடு வேணுமோ?"

"கூடையிலை ஒரு வீட்டுக்காரரின்ரை மிதப்பும் குறையேல்லை, பிள்ளை," என்றார் மூப்பர் மெல்ல.

சுவாமி கூடையைப் பாயில் கொட்டினார். சனம் முண்டியடித்துக் கொண்டு தேடியது. எல்லாருடைய மிதப்பும் இருந்தது. மார்கிரட்டும் குனிந்து பார்த்தாள். அவளுடையதும் அங்கேதான் கிடந்தது. அவள் இன்னொரு தரம் நன்றாகத் தேடிப் பார்த்தாள். பிறகு மெல்லப் பின்வாங்கி யசிந்தாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்ப விளங்குதுதானே!" கூட்டத்தில் ஒருவன் சொன்னான். "மூப்பர் தனக்கெண்டு இரண்டு போட்டிருக்கிறார். பிடிபடப் போகுது எண்ட பயத்திலை ஒண்டை எடுத்து ஒளிச்சிட்டார்."

"உவரை நம்பியோ கோயில் பொறுப்பை விட்டனாங்கள்!"

ஷெல்லடியில் காலிழந்த மகனைத் தாங்கிக்கொண்டு நின்ற மூப்பரின் மனைவி பெர்னடெட், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுக்கும் வகுப்பறைதான் வீடு.

சுவாமியின் முகம் கறுத்தது. "சொன்ன சொல் சொன்னதுதான். உங்கடை மிதப்பை வெளியிலை எடுங்கோ மூப்பர்."

மூப்பர் குனிந்து, தன் குறி வெட்டிய மிதப்பைத் தன் கையாலேயே எடுத்து அப்பால் வைத்தார்.

சீட்டு விழுந்தது. முதல் நான்கு வீடும் யார் யாருக்கோ போயின. ஐந்தாவது மிதப்பைச் சுவாமி தூக்கிப் பிடித்தார்.

"மார்கிரட்!"

யசிந்தா தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மினாள். மார்கிரட்டுக்கு மட்டும் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

சனம் கலைந்த பிறகு, மூப்பர் தனியாக நின்று பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். போகிற வருகிறவர்கள் அவருடன் கதைக்காமல் விலகிப் போனார்கள். மார்கிரட் புது வீட்டுச் சாவியைப் பொத்திப் பிடித்தபடி அவர் முன்னால் போய் நின்றாள்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மடியை அவிழ்த்து அந்த மிதப்பை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"பேதுரு எப்பவாவது திரும்பி வந்தால் குடு, பிள்ளை. அவன்ரை குறியெல்லோ."

தன் மிதப்போடு சேர்த்து அவள் கூடைக்குள் போட்ட இரண்டாவது மிதப்பு அது.

மார்கிரட் மிதப்பின் குறியைத் தடவிப் பார்த்தாள். "ஏன் அண்ணை அங்கை சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் உன்ரையையும் எல்லோ சுவாமி வெளியிலை போட்டிருப்பார்," என்றார் மூப்பர். "பேந்து யசிந்தா எங்கை போய்ப் பிள்ளை பெறுகிறது?"