நாலாம் நம்பர் கட்டம்

"ஏன் சார், கோட்டை வாசல்ல இறக்கிவிட வேண்டிய பஸ்ஸை அங்கே கழிப்பறைச் சுவரோரம் நிறுத்தினா, என்னை மாதிரி ஆளுங்க எப்படி நடக்கிறது?"

முட்டியைப் பிடித்துக்கொண்டு கேபின் வாசலில் மூச்சு வாங்கினார் அந்தப் பெரியவர். எண்ணூறு வருஷக் கோட்டையைப் பார்க்க எங்கிருந்தோ ரயிலேறி, பஸ் மாறி வந்தவர்.

டைம் கீப்பருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பெரியவர் மேல் இல்லை, ஒன்பதாம் நம்பர் பஸ் டிரைவர் மேல்.

கோட்டைக்கு எதிரே பஸ்கள் நிற்பதற்கென்று வெள்ளைக் கோடு போட்ட ஆறு கட்டங்கள் இருந்தன. ஒன்பதாம் நம்பர் பஸ்ஸுக்கு நாலாவது கட்டம், கேபினை ஒட்டினாற்போல. மற்ற டிரிப்புகளில் அதில் ஒழுங்காக நிறுத்துகிற மனிதர், காலை பத்து மணி டிரிப்பில் மட்டும் அதைக் காலியாக விட்டுவிட்டுக் கழிப்பறைப் பக்கம் போய்விடுவார். இருபது நிமிஷம் நின்றுவிட்டுக் கிளம்புவார்.

டைம் கீப்பர் இங்கே மாற்றலாகி வந்து மூன்று வாரம் ஆகிறது. கேட்டுப் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு "சரி சார்" என்பார். மறுநாளும் கழிப்பறைச் சுவர்தான்.

இதில் ஒரு வேடிக்கை. கையெழுத்துப் போட வரும்போதெல்லாம் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் அவர் கேபினுக்குள் காலெடுத்து வைப்பார். வேறு எந்த டிரைவரும் அப்படிச் செய்வதில்லை.

"பணிவெல்லாம் காலோட சரி, மண்டைக்கு ஏறல" என்று டைம் கீப்பர் கண்டக்டர்களிடம் சொல்லிச் சிரித்ததுண்டு.

போன வாரம் பொறுமை போய், மேலே எழுதிப் போட்டுவிட்டார். இன்று காலை உத்தரவு வந்துவிட்டது.

"கவலைப்படாதீங்க ஐயா, நாளையிலிருந்து வேற டிரைவர்" என்று பெரியவரை அனுப்பிவிட்டு, டிரைவருக்கு ஆள் விட்டார்.

வழக்கம்போலச் செருப்பு வாசலில் நின்றது. டிரைவர் உள்ளே வந்தார்.

"உன்னை ஊருக்கு அந்தக் கோடியில இருக்கிற டிப்போவுக்கு மாத்தியாச்சு. அங்கே கட்டமும் கிடையாது, கோடும் கிடையாது. இஷ்டம்போல நிறுத்திக்க."

டிரைவர் உத்தரவைப் படித்தார். கையெழுத்துப் போட்டார்.

"சார், புது டிரைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. பத்து மணி டிரிப்ல மட்டும் நாலாம் நம்பரை விட்டுடச் சொல்லுங்க."

"என்னய்யா, விளையாடுறியா?"

டிரைவர் ஜன்னலைக் காட்டினார்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி நாலாம் நம்பர் கட்டத்தின் வெள்ளைக் கோட்டருகே வந்து செருப்பைக் கழற்றினார். வெறுங்காலோடு உள்ளே போய், யாரோ போட்டுவிட்டுப் போன காகிதக் கப்பைப் பொறுக்கிக் கோட்டுக்கு வெளியே வைத்தார். பிறகு ஒரு மூலையில் நின்று சாலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

டைம் கீப்பர் தினமும் பார்க்கிற முகம்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற யாரோ என்று நினைத்திருந்தார்.

"புத்தி சரியில்லையா அந்தம்மாவுக்கு?"

"அவங்களுக்கில்ல சார், அவங்க வீட்டுக்காரருக்குத்தான். காலையில கிளம்பி ஊரைச் சுத்திட்டு, பத்து மணிக்குப் பசிச்சா வீட்டுக்கு வந்துடுவார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒருநாள் போனவர் வரல. நாலாம் நாள், கோட்டையை மறைக்குதுன்னு இங்கே இருந்த வீட்டையெல்லாம் இடிச்சுட்டாங்க. அந்தக் கட்டம்தான் அவங்க வீடு. அவர் வந்தா இங்கேதான் சார் வருவார். வேற இடம் அவருக்குத் தெரியாது."

டைம் கீப்பர் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமேய்யா!"

"எழுதிக் கொடுன்னு கேட்பீங்க. எழுதினா மேலே போகும். மேலே போனா, காவலாளியை விட்டு அவங்களை விரட்டிடுவாங்க."

நேற்றுவரை டைம் கீப்பரே அதைத்தான் செய்திருப்பார். அவசரமாகத் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். நயமாகச் சொன்னார், கெஞ்சினார்.

"என்ன சார் நீங்க? நாலாம் கட்டம் ஒரு நிமிஷம்கூடக் காலியா இருக்கக்கூடாதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? நாளையிலிருந்து ஒரு பஸ் போனா அடுத்த பஸ் அங்கே வந்து நிற்கும். ஏற்பாடெல்லாம் முடிஞ்சாச்சு."

போன் வைக்கப்பட்டது.

வெளியே இருபது நிமிஷம் முடிந்திருந்தது. சாலையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, அந்தப் பெண்மணி கட்டத்தை விட்டு வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டார். கழிப்பறைச் சுவரோரம் நின்ற பஸ்ஸை நோக்கி நடந்தார்.

"நாளைக்கு வராதீங்கன்னு நான் அவங்ககிட்ட எப்படி சார் சொல்வேன்?" டிரைவரின் குரல் உடைந்தது.

டைம் கீப்பருக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"அவங்க உனக்கு உறவாய்யா?"

"இல்ல சார். பக்கத்து வீடு."

"பக்கத்து வீடா? அப்போ உன் வீடு?"

டிரைவர் டைம் கீப்பரின் காலடியைக் காட்டினார்.

"நீங்க நாற்காலி போட்டிருக்கீங்களே சார், அது எங்க அடுப்படி" என்று சொல்லிவிட்டு, வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.