அரைக் கப் குருணை

"லைட்டைப் போடு" என்றார் கணவர்.

நாற்காலியை மீன்தொட்டிக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பையைக் கொண்டுவந்து வைத்த கொழுந்தன், மருந்து வாங்கி வருகிறேன் என்று அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தான்.

அவள் தொட்டி விளக்கின் சுவிட்சில் கை வைத்தபடி நின்றாள்.

முதலில் சாப்பிடட்டும், குளிக்கட்டும், கொஞ்சம் தூங்கட்டும் என்று மூன்று சாக்கு சொல்லிப் பார்த்துவிட்டாள். ஒன்றும் எடுபடவில்லை.

லிஃப்ட் மெக்கானிக். சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் மில்லிமீட்டர். சுவரில் காலண்டர் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் மனுஷனுக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவர் ஏழு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வளர்த்த கடல் தொட்டி அது. உப்பைக் கலந்து, சூட்டை அளந்து, ஐந்து மீனும் எட்டுப் பவளமும். உள்ளே ஒரு கல் இடம் மாறியிருந்தால் போதும், யார் கை வைத்தது என்று ஒரு தடவை கேட்பார், அப்புறம் பேச்சே இருக்காது.

வேலையிடத்தில் விழுந்து தலையில் அடிபட்டுப் படுத்தபோதுகூட, அவளிடம் முதலில் சொன்னது தொட்டிக்குக் கீழே இருக்கும் ரியாக்டரைப் பற்றித்தான். உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் உருளை. அதற்குள் துரு நிறத்தில் குருணை. தொட்டித் தண்ணீர் அடியிலிருந்து ஏறி, குருணைக்குள் புகுந்து, அழுக்கை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வரும். மாதம் ஒரு முறை குருணையை மாற்ற வேண்டும்.

மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதியும் கொடுத்தார். அரைக் கப் போதும். தண்ணீர் தெளிகிற வரை வாளியில் அலசு. வால்வு கால் திருகுதான். மேலே இருக்கிற குருணை லேசாகப் புரண்டால் சரி.

அவளுக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை.

அவர் வரும்போது தொட்டி பளிச்சென்று இருக்கட்டுமே என்று பாக்கெட் முழுவதையும் கொட்டினாள். அலசினால் பாதி வீணாய்ப் போகுமே என்று அலசவில்லை. வால்வையும் முழுசாகத் திறந்துவிட்டாள். குருணை ஜம்மென்று சுழன்றது. அவளுக்கே பெருமையாக இருந்தது.

ஒன்றோடொன்று உரசி அது மாவாகிவிடும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், தொட்டி முழுக்கச் செங்கல் கரைத்த தண்ணீர்.

வாளி வாளியாக எடுத்து ஊற்றி மாற்றினாள். தண்ணீர் தெளிந்துவிட்டது. வேறெதுவும் தேறவில்லை. பவளமெல்லாம் சோப்புத் துண்டு மாதிரி வெளுத்துப்போயிற்று. மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்தன. ஐந்தாவதை முந்தாநாள் வலையில் எடுத்தாள். இப்போது உள்ளே கல்லும் தண்ணீரும்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் கேட்பார். எல்லாம் நல்லா இருக்கு என்று இவளும் கூசாமல் சொல்லிவிடுவாள். கடைசி மூன்று நாள் அவர் கேட்கவே இல்லை. தப்பித்தோம் என்று இருந்தாள்.

"போடுன்னு சொன்னேன்ல?"

போட்டாள். போட்ட கையோடு கண்ணை மூடிக்கொண்டாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஒருநாளும் கை நீட்டியதில்லை. கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வார், அவ்வளவுதான். ஒருமுறை பதினோரு நாள் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு அடித்தே இருக்கலாம் என்று அப்போது நினைத்தாள். இது பதினோரு நாளில் தீருகிற விஷயமா?

பம்பு ஓடுவது மட்டும் கேட்டது.

தாங்க முடியாமல் அவளே ஆரம்பித்தாள். "என்மேலதாங்க தப்பு. முழுப் பாக்கெட்டையும் போட்டுத் தொலைச்சுட்டேன். திட்டணும்னா திட்டிடுங்க. பேசாம மட்டும் இருந்துடாதீங்க."

"எதுக்குத் திட்டணும்?"

கண்ணைத் திறந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த முகம் அப்படிக் குளிர்ந்து அவள் பார்த்து வெகு நாளாயிற்று. தனக்காக மனசை ஆற்றிக்கொண்டு சிரிக்கிறார் என்று நினைத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

அவர் கண்ணாடியில் விரலை வைத்தார். விரல் இடமிருந்து வலமாக மெதுவாக நகர்ந்தது. ஓரிடத்தில் நின்றது. பிறகு கல்லைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறியது.

"அஞ்சும் கொழுகொழுன்னு இருக்கே. நல்லாத்தான் பாத்துக்கிட்டிருக்க."

விளையாடுகிறாரோ? ஜென்மத்தில் விளையாடத் தெரியாத மனுஷன்.

குனிந்து அவர் கண்ணைப் பார்த்தாள். அது விரலுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. திரும்பியது. மறுபடி எதன் பின்னாலோ போயிற்று.

"ஆமாங்க, அஞ்சும் இருக்கு" என்றாள். அது அவள் குரல் மாதிரியே இல்லை. கை மட்டும் ஆஸ்பத்திரியைக் கூப்பிட, பின்னால் மேசைமேல் போனைத் தேடிக்கொண்டிருந்தது.