கழுவிய மிளகு

மாதம்மாள் வீட்டுக் களத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உமைரா மிளகை அள்ளி அள்ளிப் பார்த்தாள். ஒரு குறையும் தெரியவில்லை.

ஆனால் இந்த வருடத்து மிளகு ஒளிரவில்லை.

காளப்பநாயக்கன்பட்டி மிளகு வியாபாரி சேக் மைதீனின் மகள் அவள். இப்போது வேதியியல் பேராசிரியை. பதினேழு வருடமாக மாதம்மாள் அனுப்பும் மிளகுதான் அவள் ஆராய்ச்சி. அவித்து வடித்த சாற்றைப் புற ஊதா விளக்கில் காட்டினால் நீலமாக ஒளிரும். உடம்பில் ஏற்றினால், ஒளிந்திருக்கும் புற்றுக்கட்டியை அந்த நீலம் காட்டிக்கொடுக்கும் என்று நம்பினாள். எலிகளுக்கு ஏற்றியாயிற்று.

வேறு ஊர் மிளகு எதுவும் ஒளிர்ந்ததில்லை. மாதம்மாளின் மலை ஊரான குண்டனி நாட்டு மண்ணின் மகிமை என்று கட்டுரை எழுதினாள். விருதும் வந்தது.

திங்கட்கிழமை அந்த ஒளியைப் பார்க்க மருத்துவர்கள் வருகிறார்கள். அவர்களுக்குத் திருப்தியானால், அடுத்தது மனிதர்கள்.

"உரம் கிரம் மாத்துனீங்களா?" என்று கேட்டாள்.

மாதம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எம்மேலதான் தப்புங் கண்ணு. நான் காச்சல்ல படுத்துட்டனுங்க, பையன் கழுவாமயே அனுப்பிட்டான். எப்பவும் உங்க மூட்டைய மட்டும் சோப்புத்தூள் போட்டு நானே அலசிக் காயவெப்பேன். ஆஸ்பத்திரிக் காரியமாச்சே. எங்க ஊட்டு ரசத்துக்குக்கூட அப்படி அலசுனதில்லீங்க."

உமைரா கையிலிருந்த மிளகைக் களத்திலேயே போட்டாள்.

துணி பளிச்சென்று தெரிய சோப்புத்தூளில் ஒரு சாயம் கலப்பார்கள். புற ஊதா விளக்கில் அது நீலமாக ஒளிரும். முதலாண்டு மாணவிகளுக்கு அவளே நடத்தும் பாடம்.

பதினேழு வருடமாக ஒளிர்ந்தது மிளகே இல்லை.

அவள் மிளகைக் கீழே போட்டதை மாதம்மாள் கோபமென்று நினைத்துக்கொண்டாள். உள்ளே ஓடி ஒரு மூட்டையை இழுத்துவந்தாள். அண்டாவில் தண்ணீர் நிரப்பினாள். நல்ல வெயில். பொழுது சாய்வதற்குள் காய்ந்துவிடும்.

சோப்புத்தூள் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரித்தாள்.

வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். யார் வீட்டுப் பிள்ளையோ, பாவம், எந்த ஊரிலோ அந்த ஊசிக்குக் கை நீட்டக் காத்திருக்கிறது.

ஒரு பிடி தூள் தண்ணீரில் விழுந்தது.

உமைரா நுரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

"பத்தாதுங்க," என்றாள். "இன்னொரு பிடி போடுங்க."