இடது பக்கம் மட்டும்

“வேகமா ஓட்டாமலா அண்ணே வண்டி இப்படிக் கடகடங்குது?”

பட்டுவின் அம்மா கேட்க, வேன்காரர் துண்டால் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வேனுக்கு அன்று வருஷச் சோதனை. சோதனைக் கூடத்து வாசலில் வரிசையில் நின்றது வண்டி.

அந்த வேனில் பிள்ளைகளை அனுப்பும் அம்மாக்கள் எல்லாரும் பேசி, இவளைத்தான் கூடப் போகச் சொல்லியிருந்தார்கள். போன வருஷம்தான் வண்டியின் அடிப்பாகம் முழுக்கப் புதுசாக மாற்றியது. அதற்குள் மறுபடி சத்தம். கண்ணு மண்ணு தெரியாமல் ஓட்டுகிறார் என்று அதிகாரி வாயால் வந்துவிட்டால், திங்கட்கிழமையிலிருந்து வேறு வேன். பதினாலு பிள்ளைகள். அவர்கள் போய்விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது.

“உங்க மேல பழி போடறதுக்கு வரல அண்ணே. புள்ளைங்க விஷயம், அதான்.”

“கேக்க வேண்டியதுதாம்மா.”

அவ்வளவுதான் பேச்சு. வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்க்க வெட்டியிருந்த குழிக்கு மேலே வேன் போய் நின்றது. அதிகாரி ஜாக்கி போட்டுத் தூக்கி, முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். வலது பக்கம் அசையவில்லை. இடது பக்கம் டொக், டொக் என்றது. பின்னால் போய் ஆட்டினார். அங்கேயும் அதே கதை.

“வலது பக்கம் கல்லு மாதிரி இருக்கு. இடது பக்கம் விழப்போற பல்லு மாதிரி ஆடுது” என்றார்.

“வேகமா ஓட்டினா இப்படி ஆகுமா சார்?” அவள் கேட்டாள்.

“நீங்க யாரும்மா?”

“இந்த வேன்ல வர்ற புள்ளையோட அம்மா.”

“வேகமா ஓட்டினா ரெண்டு பக்கமும் தேயும். இது என்னமோ வேற மாதிரி இருக்கு. நீங்க மஞ்சக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் உக்காருங்க.”

வேன்காரரைக் கூட்டிக்கொண்டு அதிகாரி குழிக்குள் இறங்கினார். அவள் கோட்டைத் தாண்டி வந்தாள். உட்கார மனசு வரவில்லை. வேற மாதிரி என்றால் என்ன மாதிரி? வண்டியின் பின்பக்கமாக நின்றுகொண்டாள். குழிக்குள் பேசுவது கிணற்றுக்குள் பேசுவது போலத் தெளிவாகக் கேட்டது.

“இந்த பால் ஜாயின்ட்டைப் பாரு. கம்பியை வச்சு நெம்பினா ஏறி இறங்குது. இது கழண்டா சக்கரம் ஒரு பக்கம் போகும், நீ ஒரு பக்கம் போவே. ரப்பர் புஷ் பிஞ்சு தொங்குது. ஷாக் அப்சார்பர்ல எண்ணெய் கசியுது. எல்லாமே இடது பக்கம் மட்டும். தினம் எங்க கொண்டுபோய் பள்ளத்துல இறக்குறே?”

கம்பி இரும்பில் தட்டும் சத்தம் கேட்டது.

“உன்னைத்தான். சொல்லலேன்னா கண்டபடி ஓட்டுறான்னு எழுதிடுவேன்.”

“ஒரு வீட்டு வாசல்ல சார். ரோட்டு ஓரமா அரை அடி பள்ளம் இருக்கு. இடது சக்கரம் ரெண்டையும் அதுல இறக்கிட்டா, வேன் படி அந்த வீட்டுத் திட்டுக்குச் சமமா வந்துரும்.”

“வந்து?”

“முட்டியில ஆபரேஷன் ஆன புள்ள சார். கால் இன்னும் முழுசா மடங்கல. படிக்கு எட்டாது.”

“தூக்கி உள்ள உக்கார வைக்கறதுதானே?”

“முத நாள் தூக்கப் போனேன். நானேதான் ஏறுவேன்னு ஒரே அழுகை.”

“ஒரு ஸ்டூலைப் போடு.”

“மத்த வாலுங்க சும்மா விடுமா? நொண்டி ஸ்டூலுன்னு பேரு வச்சிடும்.”

“வீட்ல சொன்னியா?”

“எப்படி சார் சொல்றது? அந்தம்மா தினம் வாசல்ல நின்னு போன்ல படம் புடிப்பாங்க. ‘யார் கையும் புடிக்காம ஏறுறா பாருங்க’ன்னு வெளியூர்ல இருக்கற வீட்டுக்காரருக்கு அனுப்புவாங்க. அப்ப அவங்க முகத்தைப் பாத்தா சொல்ல வாய் வரல.”



“மூணு சாமானையும் மாத்திட்டு வந்து காட்டு. அதுவரைக்கும் ஒரு புள்ளையையும் ஏத்தக் கூடாது, சொல்லிட்டேன்.” பிறகு குரல் இறங்கியது. “தொபுக்குனு இறக்காதே. சாய்ச்சு, ஒவ்வொரு சக்கரமா, மெதுவா இறக்கு. சாமான் தாங்கும்.”

அவள் கையிலிருந்த போன் அடித்தது. அதே வேனில் வரும் இரட்டைப் பிள்ளைகளின் அம்மா.

“என்னடி சொன்னாங்க? வேற வேனுக்குப் பேசிடட்டுமா?”

“இருங்கக்கா. குரூப்ல ஒண்ணு போடறேன், எல்லாரையும் பாக்கச் சொல்லுங்க.”

நேற்றுக் காலையில் எடுத்த வீடியோவைத் தேடி எடுத்தாள். இதுவரை பட்டுவின் அப்பாவைத் தவிர யாருக்கும் அவள் காட்டாத வீடியோ. அம்மாக்கள் குரூப்பில் அதைப் போட்டுவிட்டு, கீழே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்:

“பட்டுவைப் பாக்காதீங்க. சக்கரத்தைப் பாருங்க.”