கல்பெண் கேட்ட கேள்வி

கோத்தகிரி பேருந்து நிலையத்தில் இருளர்கள் வடித்த கல்பெண், எதிரே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே குடும்பத்தைக் கண்டுகொள்ளும். இருளர் நிலத்தை எடுத்துக்கொண்ட குடும்பத்தார் என்றால் மட்டும் பேசும். வத்சலாவின் தாத்தா தேயிலை போட்டது அப்படிப்பட்ட நிலத்தில்தான். அதனால் சிலை வைத்த இந்த ஒரு வருடமாக அவள் சிலையின் முதுகுப் பக்கமாகவே போய்வந்தாள்.

அன்று மழைக்கு ஓடி ஒதுங்கியவள் சிலைக்கு நேர் எதிரே வந்துவிட்டாள். கல்பெண் இருளர் பாஷையில் ஏதோ சொன்னது. எல்லோரும் திரும்பிப் பார்க்க, வத்சலா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சிலையை வடித்த இருளர்களில் ஒருத்தியான ரங்கி பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா வத்சலாவின் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள்.

"ஏம்மா மூஞ்சிய மூடுறீங்க? அது உங்கள கடிச்சா வைக்கும்?"

"திட்டுதே, ரங்கி."

"திட்டலம்மா. சாப்ட்டியான்னு கேக்குது. வாசலுக்கு வந்தவங்கள நாங்க அப்படித்தான் கேப்போம்."

வத்சலா சால்வையை இறக்கினாள். "சாப்பிட்டேன்" என்றாள் தணிந்த குரலில்.

கல்பெண் மறுபடியும் அதையே கேட்டது.

"அதுக்குத் தமிழ் தெரியாதும்மா," என்றாள் ரங்கி. "நாங்கதான் கத்துக்கிட்டோம்."

'சாப்பிட்டேன்' என்பதற்கு இருளர் பாஷையில் உள்ள அந்த ஒரு சொல்லை ரங்கியிடம் கேட்க வத்சலாவுக்கு நா எழவில்லை. கல்பெண் மூன்றாம் முறையும் அதே கனிவோடு கேட்டது.