மூன்று சிடிகள்

இறந்துபோன மகள் ஷீபா பாடிய ஒரே பாட்டைத் தேவசகாயம் மூன்று சிடிகளில் பதிந்து வைத்திருந்தார். அந்தத் தைரியத்தில்தான் பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடையில் போட்டார்.

புது லேப்டாப்பில் சிடி நுழைய வழியில்லை. நினைவுநாளன்று மைத்துனன் அல்போன்ஸ் ஒரு சிடியை அப்படியே ஃபைலாக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்தான். மென்பொருள் லேப்டாப்பில் இல்லாத சிடி டிரைவ் ஒன்றைத் திரையில் உண்டாக்கியது. ‘ஷீபா’ என்று பெயர் வந்தது. உள்ளே, மூலையில் வளைந்த அம்புக்குறியோடு ஒரே ஒரு சின்னம். அல்போன்ஸ் அதை இரண்டு முறை திறக்கப் பார்த்தான்; பாட்டு வரவில்லை.

“அத்தான், பாட்ட விட்டுட்டு, அது இருக்குற எடத்தக் காட்டுற வெறும் ஷார்ட்கட்ட காப்பி பண்ணிருக்கீங்க.”

“அன்னிக்கு மூணையும் போட்டுப் பாத்தேனே. பாடுச்சே.”

“பழைய கம்ப்யூட்டர்லதான போட்டீங்க? அதுக்குள்ள இருந்த பாட்டுதான் பாடிருக்கு. மூணு சிடியிலயும் இதேதான் இருக்கும்.”

சமையலறையிலிருந்து அவர் மனைவி ரோஸ்லின் தம்பியைப் பார்த்துக் கத்தினாள்: “ஏலே அல்போன்சு, பாட்டப் போடத் தெரியுமா, சும்மா தடவிக்கிட்டு இருக்கியா?”

ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். பாட்டு தெளிவாகக் கேட்க வேண்டும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

தேவசகாயம் எழுந்துபோய் மின்விசிறியைப் போட்டார்.